துப்பினால் தப்பில்லை: ஒயின் சுவைக்கப் போகும் முதல் நாள்

தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு ஒயின் சுவைக்கப் போனவள் நான். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் காரோடு வந்து அழைத்துப் போனாள். வெளியூர்ப் பயணம், நல்ல புடவை, பூ இல்லாமல் எப்படி? நந்தி மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். நீளமான மேசைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன். மல்லிகை வாசம். இரண்டாவது கோப்பையிலும் மல்லிகை. "ஒயினில் பூவைப் போட்டு ஊறவைக்கிறார்களா?" என்று அக்கா மகளிடம் கிசுகிசுத்தேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞர் தயங்கித் தயங்கி, "அம்மா, தவறாக நினைக்காதீர்கள். அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் காரில் வைத்துவிட்டு வர முடியுமா? கடைசி நாற்காலி வரைக்கும் அதுதான் மணக்கிறது" என்றார்.

வெட்கத்தோடு எழுந்து போனேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் 14 சீசன் வேலை பார்த்தவள் நான். புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே "பூ, பவுடர், சென்ட் எதுவும் இங்கே கூடாது, கூழின் வாசம் பிடிபடாது" என்று கண்டித்தவளும் நானே. மாம்பழத்துக்கு ஒரு நியாயம், திராட்சைக்கு ஒரு நியாயம் என்று எப்படித்தான் நினைத்தேனோ.

ஊர் திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. "பெங்களூர் போய்க் குடித்துவிட்டு வந்தாயாமே?" என்று எதிர்வீட்டு அக்கா நேராகவே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அலுவலக நண்பர்கள் இப்படி ஒரு பயணத்துக்குக் கூப்பிடும்போது "எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்று கூசுகிற ஓசூர், தருமபுரிப் பிள்ளைகளுக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே பிராந்தி உண்டு, ரம் உண்டு, பீர் உண்டு. ஒயின் கேட்டு வருகிறவர் அபூர்வம். அதனால் அந்தச் சொல்லே நமக்குக் கெட்டுப்போய்விட்டது. பிராந்தியும் ரம்மும் காய்ச்சி வடித்தவை, ஆல்கஹால் 42 சதவீதத்தைத் தாண்டும். ஒயின் காய்ச்சுவது கிடையாது. திராட்சைச் சாறு தானாகப் புளித்து ஆவது. பெரும்பாலும் 11 முதல் 14 சதவீதம்தான் ஆல்கஹால்.

சுவைப் பயணம் என்பது இதுதான்: காலையில் பெருநகரத்திலிருந்து கிளம்பி, திராட்சை விளைந்து ஒயின் ஆகிற இடத்துக்கே போவது. தோட்டத்தில் நடந்து, ஆலையைச் சுற்றிப் பார்த்து, ஐந்தாறு வகைகளை ஒவ்வொரு வாயாகச் சுவைத்து, மதியச் சாப்பாடு முடித்து இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. மும்பைக்காரர்களுக்கு இது நாசிக், சுமார் 170 கிலோமீட்டர். பெங்களூர்க்காரர்களுக்கு வடக்கே நந்தி மலையடிவாரம், அல்லது மைசூர்ச் சாலையில் சென்னப்பட்டணம். இரண்டுமே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரே 90 கிலோமீட்டர் என்பதால், நமக்கு நந்தி போய்வர முழு நாள் வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலுக்குத் தப்பலாம். ஏழரைக்கு அங்கே மாட்டினால் அன்றைய சுவைப் பயணம் மேம்பாலத்தின் மேலேயே முடிந்துவிடும்.

கடையில் வாங்கிக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். மாம்பழத்தைச் சென்னையில் பெட்டியில் வாங்கித் தின்பதற்கும், போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தோப்புக்காரர் "இந்த மரம் கிணற்றடியில் நிற்கிறது, இனிப்பு கொஞ்சம் குறைவு. அந்த மேட்டு மரத்துப் பழத்தைத் தின்று பாருங்கள்" என்று அறுத்துக் கொடுக்கத் தின்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பழம் பழம்தான். ஆனால் அடுத்தடுத்து வைத்துத் தின்னும்போதுதான் நாக்குக்கு வேறுபாடு தெரிகிறது. ஒன்றை மட்டும் தின்றால் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல வாய் வராது. ஒயின் சுவைப்பின் அடிப்படையும் இந்த ஒப்பீடுதான். ஐந்து கோப்பைகளை வரிசையாக வைப்பது குடிக்கவைப்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

தோட்டத்தைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஏமாற்றம் வரும். பழம் சின்னஞ்சிறியது, தோல் தடிப்பு, உள்ளே விதை. நம் பழக்கடைத் திராட்சையின் பெருமை ஒன்றும் அதில் இல்லை. ஒன்றைப் பறித்து வாயில் போட்டால்தான் விஷயம் புரியும். சாப்பிடுகிற திராட்சையைவிட இனிப்பு அதிகம். நாங்கள் மாங்கூழின் இனிப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்போம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் கண்ணில் வைத்தால் பிரிக்ஸ் என்னும் சர்க்கரை அளவு தெரியும். பெங்களூரா என்ற மாம்பழ ரகத்தின் கூழுக்கு 14, அல்போன்சா கூழுக்கு 16 என்பது வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்ச அளவு. தோட்டத்து ஆள் சட்டைப் பையிலிருந்து அதே கருவியை எடுத்தபோது எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒயின் திராட்சையை 22, 24 பிரிக்ஸ் வரும்போது அறுக்கிறார்கள். அந்த எண்ணை 0.55 அல்லது 0.6 ஆல் பெருக்கினால், ஒயினில் வரப்போகும் ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 23 பிரிக்ஸ் பழம் 13 சதவீத ஒயின்.

சர்க்கரை எப்படி ஆல்கஹால் ஆகிறது என்பதைப் பனை மரம் இருக்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு கள். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. சுண்ணாம்பு அதை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. கள் இறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருப்பதால் இன்றைய பிள்ளைகள் பலர் இதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதிலும் நுண்ணுயிர்களின் வேலைதான். கள் ஒரே நாளில் கடுத்துப் புளித்துவிடும். திராட்சைச் சாற்றில் இனிப்பும் புளிப்பும் கூடுதலாக இருப்பதால், காற்றுப் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். காற்றுப் பட்டால் அதுவும் காடிதான்.

வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் என்ற பிரிவு பழத்தின் நிறத்தால் வருவது என்று நானும் நினைத்திருந்தேன். பாதி சரி. கறுப்புத் திராட்சையைப் பிழிந்து பாருங்கள், பெரும்பாலான ரகங்களில் சாறு வெளுப்பாகத்தான் வரும். நிறம் தோலில் இருக்கிறது. தோலை உடனே அகற்றிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவிட்டால் வெள்ளை. தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்திருந்து எடுத்தால் இளஞ்சிவப்பு, அதற்கு ரோஸே என்று பெயர். தோலிலிருந்து நிறம் மட்டும் வருவதில்லை, துவர்ப்பும் வருகிறது. சிவப்பு ஒயினைப் புதிதாகச் சுவைக்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பது இந்தத் துவர்ப்பால்தான்.

இங்கே நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எங்களோடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்த வடநாட்டுத் தம்பி ஒருவர் "கசக்கிறது" என்றார். கசப்பு அல்ல, துவர்ப்பு. நாவல் பழம் தின்ற பிறகு நாக்கு இழுக்குமே, வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் பொரியல் செய்தால் வாய் பிடிக்குமே, கொட்டைப்பாக்கைக் கடித்தால் கன்னத்தின் உள்பக்கம் சுருங்குமே, அதுதான். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. இதற்குக் காரணமான பொருளுக்கு டானின் என்று பெயர். தேயிலையிலும் அதுதான். எச்சிலில் இருக்கிற வழுவழுப்பான புரதங்களோடு அது ஒட்டிக்கொள்வதால், வாய் திடீரென்று உலர்ந்தது போல ஆகிவிடுகிறது. இறைச்சியோ பாலாடைக்கட்டியோ சேர்த்துத் தின்றால் அந்தப் பிடிப்பு குறையும். தேநீரில் பால் ஊற்றுவதைப் போலத்தான்.

சரி, கோப்பைக்கு வருவோம். கோப்பையின் காம்பைப் பிடிக்க வேண்டும். கிண்ணத்தைப் பிடித்தால் கைச் சூடு உள்ளே போய்விடும். முதலில் வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறம் பார்ப்பது. வெள்ளை ஒயின் வயது ஏற ஏறப் பொன்னிறமாகும். சிவப்பு, வயது ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கு இறங்கும். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கோப்பையின் உட்சுவரில் ஒயின் கோடு கோடாக வழிவதைக் காட்டி "எவ்வளவு உயர்ந்த ஒயின் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆல்கஹாலும் நீரும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால் வரும் கோடு அது. ஆல்கஹால் எவ்வளவு என்பதற்கு வேண்டுமானால் அடையாளம், தரத்துக்கு அல்ல.

அடுத்து கோப்பையை மேசையிலேயே வைத்து மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். இதில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலதான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. நம்பாதவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மாம்பழத்தை மெல்லுங்கள். வெறும் இனிப்பும் புளிப்பும்தான் இருக்கும், செந்தூராவா பங்கனப்பள்ளியா என்று சொல்லவே முடியாது. மெல்லும்போதே மூக்கை விடுங்கள், பழம் பெயர் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும். வாயில் இருக்கிற பொருளின் வாசம் தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ஒயின் சுவைப்பவர்கள் ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்து, சூடான ரசம் உறிஞ்சுவது போலக் கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுப்பார்கள். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும். அந்த வாசத்தை மேலே ஏற்றத்தான் அப்படிச் செய்கிறார்கள். விருந்தில் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுகிற எங்கள் தாத்தாவைக் கூட்டிப் போயிருந்தால் முதல் முயற்சியிலேயே தேறியிருப்பார்.

வாயில் வைத்திருக்கும் ஐந்தாறு நொடியில் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இனிப்பு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்றுவிட்டதே. புளிப்பு எப்படி? பச்சை ஆப்பிளைக் கடித்தது போலக் கூராக இருக்கிறதா, தயிர் போல மழுங்கலாக இருக்கிறதா? சில ஒயின்களில் இன்னொரு வகை நுண்ணுயிரை வேலை செய்ய விட்டு, ஆப்பிள் புளிப்பைத் தயிர்ப் புளிப்பாக மாற்றுகிறார்கள். துவர்ப்பு எவ்வளவு? விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது? மாங்கூழிலும் நாங்கள் இதைத்தான் பார்ப்போம். நல்ல அல்போன்சா வாயை விட்டுச் சீக்கிரம் போகாது.

துப்புவது என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மேசையில் ஒரு குவளையோ சிறு தொட்டியோ வைத்திருப்பார்கள், அது அதற்குத்தான். தொழிலாகச் சுவைப்பவர்கள் எல்லாரும் துப்புவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது மாதிரி கூழ் பார்த்த காலத்தில் நானும் அத்தனையையும் விழுங்கியிருந்தால் இன்று சர்க்கரை மாத்திரைக்கே சம்பளம் போயிருக்கும். முதல் தடவை கூச்சமாக இருக்கும். அக்கா மகள் "சித்தி, பொது இடத்தில் துப்பக் கூடாது என்று என்னை வளர்த்தது நீங்கள்தானே" என்றாள். துப்பினேன், தவறு ஒன்றும் நடக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் நிதானமாகக் கடைசிவரை சுவைத்தது, துப்பிய நாங்கள் மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு நான்காவது கோப்பைக்குப் பிறகு எல்லாம் அருமையாகிவிட்டது.

சுவைக்குப் பெயர் வைப்பதுதான் புதியவர்களை அதிகம் மிரட்டுகிற இடம். கொடுத்த தாளில் பிளாக்கரன்ட் பழம், கூஸ்பெர்ரி பழம், சீடர் மரம் என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். பாதியை நான் கண்ணாலும் கண்டதில்லை. அது ஐரோப்பியத் தோட்டத்தில் வளர்ந்தவர்களின் அகராதி. உங்கள் அகராதியை நீங்கள் கொண்டுபோகலாம். சொவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் எனக்குக் கொய்யாவும், பச்சை மிளகாயைக் கிள்ளிய வாசமும் வந்தன. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னேன். அந்த இளைஞர் "மிகச் சரி" என்றார். கொய்யா வாசத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் அந்த ஒயினிலும் இருக்கின்றன. குடைமிளகாய் வாசத்தைத் தரும் பொருளும் அதில் உண்டு. ஷிராஸ் என்ற சிவப்பில் மிளகு வாசம் வரும். வெறும் கற்பனை அல்ல, மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுவதே இல்லை என்பதும் அதோடு தெரியவந்தது. எனக்கு மிளகு ரசம் மாதிரி மணந்தது. அக்கா மகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் சொல்வது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் மக்கு என்று அர்த்தமில்லை.

இன்னொரு சொல்லும் அடிக்கடி காதில் விழும், தெர்வார். பிரெஞ்சுச் சொல். நம் ஊரில் மண்வாகு என்கிறோமே, அதுதான், கூடவே உயரம், மழை, காற்று எல்லாம் சேரும். இரத்தினகிரி அல்போன்சாவும் நம் அல்போன்சாவும் ஒரே ரகம், ஆனால் மண்டியில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திராட்சைக்கு உயரம் முக்கியம். நந்தி மலையடிவாரத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பகலில் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது, இரவின் குளிர் புளிப்பை இறங்கவிடாமல் காக்கிறது. வெறும் சூடு மட்டும் இருந்தால் பழம் இனித்துவிடும், புளிப்பு போய்விடும். ஒயின் சப்பென்று ஆகும்.

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். நம் தட்பவெப்பத்தில் அது தூங்குவதே இல்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு தடவை கொடியை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் ஒன்று, கொடியைத் தயார்ப்படுத்த. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, காய்க்க வைக்க. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. நம் மாமரங்கள் பூத்துக் குலுங்குகிற நாட்களில் அங்கே திராட்சை அறுப்பு நடக்கும். கொத்தோடு கொடியையும் பரபரப்பான ஆலையையும் பார்க்க வேண்டுமானால் அந்த மாதங்களில் போங்கள். ஜூனில் போனால் வெறும் இலை. அந்த மாதம் நம் மண்டியில்தான் வேலை இருக்கிறது.

பெங்களூரைச் சுற்றித் திராட்சை புதியதல்ல. பெங்களூர் நீலம் என்ற கறுப்பு ரகம் அந்தப் பக்கம் வெகு காலமாக விளைகிறது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாம் கடையில் குடிக்கும் திராட்சை ஜூஸின் வாசம் அதன் வாசம்தான். அது அமெரிக்கத் திராட்சை வழியில் வந்தது. அந்த வாசத்தை மேலைநாட்டு ஒயின்காரர்கள் 'நரி வாசம்' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரெஞ்சு ரகங்களை நந்தி மலையடிவாரத்தில் வணிகமாக நட்டு ஒயின் செய்ய முனைந்தது க்ரோவர் நிறுவனம், தொடங்கியது 1988-இல். கர்நாடக அரசு ஒயினுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது 2007-இல். ஒயின் ஏதோ நேற்று வந்த வெள்ளைக்காரச் சரக்கு என்று நினைப்பவர்கள் அரிக்கமேட்டை நினைத்துக்கொள்ளலாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1945-இல் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. வாங்கிக் குடித்தவர்கள் நம் ஆட்களும் சேர்த்துத்தான்.

எல்லா இடமும் ஒன்றுபோல இருப்பதில்லை. இரண்டாவது தடவை வேறொரு இடத்துக்குப் போனோம். அங்கே விளக்கம் சொன்னவர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு அடுத்த கும்பலுக்கு ஓடினார். வெள்ளை ஒயினை வெதுவெதுப்பாக ஊற்றினார்கள். வெள்ளை ஒயின் 8 முதல் 12 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், சிவப்பு 16 முதல் 18. சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பியக் கல்வீட்டு அறையை. ஏப்ரல் மாதத்துக் கிருஷ்ணகிரி அறையில் வைத்தால் கஷாயம்தான் கிடைக்கும். வெதுவெதுப்பாக வந்தால் குளிரவைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், காசு கொடுத்துத்தானே போகிறோம். முன்பதிவு செய்யும்போதே எத்தனை வகை, சாப்பாடு சேர்த்தா, எவ்வளவு நேரம் என்று கேட்டுவிடுவதும் நல்லது. காந்தி ஜயந்தியன்றும் தேர்தலையொட்டிய நாட்களிலும் ஊற்ற மாட்டார்கள். வயதுச் சான்று கேட்பார்கள். 21 நிரம்பாத பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

போகிற நாளன்று காலையில் இட்லி போலச் சாதுவாக ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் போகக் கூடாது. பூண்டு ஊறுகாய், வெற்றிலை பாக்கு, சென்ட் எதுவும் வேண்டாம். காபி குடித்தால் போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கட்டும். பூவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி ஓட்டுகிறவர் சுவைக்கவே கூடாது. "துளித்துளிதானே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 30 மில்லி, ஐந்து வகை என்றால் 150 மில்லி. 13 சதவீத ஒயின் என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் 19 மில்லிக்கு மேல், எடையில் சுமார் 15 கிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கே அது இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைத் தொட்டுவிடக்கூடிய அளவு. எடை குறைந்தவர்களுக்கு இன்னும் மேலே போகும். பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம் வழி ஓசூர் நெடுஞ்சாலை, இரவில் லாரிகள் வரிசையாக வருகிற சாலை. வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் ஒருவர் அன்றைக்குத் திராட்சைச் சாறோடு நிறுத்திக்கொள்ளட்டும். பெரும்பாலான இடங்களில் அதுவும் கிடைக்கும்.

பாட்டில் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சுவைத்து முடித்ததும் விற்பனை அறைக்கு அழைத்துப் போவார்கள். பிடித்ததை வாங்கத் தோன்றும். பெங்களூரில் வீடு இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறவர்கள் வாங்கக் கூடாது. வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கர்நாடக மதுப் பாட்டில்களைப் பறிமுதல் செய்த செய்தி நம் மாவட்டப் பக்கத்தில் வராத வாரம் குறைவு. பரிசளிக்க வாங்கிய ஒரே ஒரு ஒயின் பாட்டில் என்று சோதனைச்சாவடியில் கதை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எதிர்வீட்டு அக்கா கடைசியாகக் கேட்டது, "ஒயின் உடம்புக்கு நல்லதாமே?" என்று. நானும் அப்படிப் படித்திருக்கிறேன். ஆனால் பாதுகாப்பான குடியளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆகவே மருந்து என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு தடவை குடியிலிருந்து மீண்டவர்களை விளையாட்டுக்குக்கூட அழைக்காதீர்கள். கூலி முழுவதையும் குடியில் கரைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன, இதை எழுதும்போதும் அது நினைவில் இருக்கிறது.

குடிக்காமலேயே இந்தக் கலையைப் பழக ஒரு வழி உண்டு. சென்ற ஜூனில் அக்கா மகள் அலுவலக நண்பர்கள் நான்கு பேரை ஊருக்கு அழைத்து வந்தாள். மண்டியிலிருந்து பீத்தர், செந்தூரா, மல்கோவா, இமாம் பசந்த், நீலம் ஐந்தையும் வாங்கிவந்து, பெயர் சொல்லாமல் ஐந்து கிண்ணங்களில் அறுத்து வைத்தேன். பக்கத்தில் வெள்ளைத் தாளும் தண்ணீரும். முகர்ந்து, மென்று, தோன்றியதை எழுத வேண்டும். ஒருவர் மல்கோவாவுக்கு "ஏலக்காய் போட்ட பால்" என்று எழுதினார். இன்னொருவர் பீத்தருக்கு "மழை பெய்த மறுநாள் தோப்பு" என்று எழுதியிருந்தார். 14 சீசனில் எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு வரி வந்ததில்லை.

இந்த ஜனவரியில் அறுவடை பார்க்க மறுபடியும் நந்திக்குப் போனோம். அதிகாலை ஐந்தரைக்குக் கார் வாசலில் வந்து நின்றது. அக்கா மகள் இறங்கி வந்து முதலில் என் தலையைப் பார்த்தாள், அப்புறம்தான் கதவைத் திறந்தாள்.